வெளியே பார்த்தால் பேசுவதில்லை

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ்ஸின் முன்வாசல் வழியாக ஏறியது ஜெபக்கனி அக்காதான். வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று பின்பக்கத்து ஜன்னலோரத்தில் ஒடுங்கிக் கிடந்த செண்பகவல்லி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள். ஆனால் அந்த அகன்ற முதுகும், நரையை மறைக்காமல் அள்ளிச் செருகிய கொண்டையும், படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஏசப்பா" என்கிற குரலும் திருநெல்வேலிச் சீமையில் வேறு எவளுக்கு இருக்கிறது? காலையிலிருந்து அந்த முதுகுக்காகத்தானே காத்துக் கிடந்தாள். இன்றைக்கு மாத்திரை வாங்குகிற நாள். அவளுக்கு நல்ல நாள் பெரிய நாள் என்று மாதத்துக்கு ஒரு தடவை வருவது அதுதான், தீபாவளியும் பொங்கலும் மற்றவர்களுக்கு. மனநலப் பிரிவு வராந்தாவில் கடைசி பெஞ்சு, அதில் சுவரோரம் செண்பகவல்லி, அவளை ஒட்டி ஜெபக்கனி அக்கா, அப்படி உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். இன்றைக்கும் அக்காவின் இடத்தில் பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தாள். வந்தவர் போனவரெல்லாம் "ஆள் இருக்கா?" என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினாள். வாய் திறந்து பதில் சொல்ல முடிந்தால் எதற்கு இந்த ஆஸ்பத்திரி? அக்கா வரவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கூட்டமாக வந்த பஸ்களையெல்லாம் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்று போகவிட்டு, டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்த இந்தக் காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அக்காவுக்கு என்ன ஆச்சோ, மறுபடி தூக்கம் கெட்டுவிட்டதோ, கீழே விழுந்துவிட்டாளோ என்று அவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள், அந்த நேரத்தில்தான் மகராசி ஒரு குறையும் இல்லாமல் குத்துக்கல்லாட்டம் வந்து ஏறுகிறாள். தனியாக ஏறவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இன்னொருத்தி ஏறினாள்.

அந்த இன்னொருத்தியைச் செண்பகவல்லிக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. சொந்தக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, கோயிலில் கூடப் பாடுகிறவள் என்று எதையாவது சொல்லி மனசை ஆற்றியிருக்கலாம். இவள் இசக்கி. போன மாதம் முதல் தடவையாக வந்து, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுத சின்னவள். முப்பதுகூட இருக்காது. அழுகிறவளைப் பார்க்காதது போல எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, செண்பகவல்லிதான் அக்காவின் விலாவில் இடித்து, "அக்கா, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். தானே எழுந்து போய்க் கொடுக்கத் தைரியம் இல்லை, பாட்டிலை அக்கா கையில் கொடுத்தாள். தண்ணீர் இவளுடையது, பாட்டில் இவளுடையது, இரக்கமும் இவளுடையது, பேர் மட்டும் அக்காவுக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது யார்? இவளேதான். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். இங்கே அந்தக் கொம்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததே இந்தச் செவிதான். இப்போது பார், எப்படி இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். மூன்று வரிசைக்கு முன்னால், இருவர் சீட்டில், ஜன்னலோரம் இசக்கிக்கு. பஸ்ஸில் யாருக்கும் ஜன்னலோரம் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அக்கா இவளிடமே சொல்லியிருக்கிறாள், புழுக்கம் தாங்காதாம். இன்றைக்குத் தாங்குகிறது. உட்காருவதற்கு முன்னால் அக்கா ஒரு தடவை பஸ்ஸுக்குள் கண்ணை ஓட்டினாள். செண்பகவல்லி சட்டென்று வெளியே பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பாமல் என்ன செய்வது, சட்டம் அப்படி.

வெளியே பார்த்தால் பேசுவதில்லை. அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் இது சொல்லித்தராமலே தெரியும். மேலப்பாளையத்திலிருந்து மிட்டாய்க்கடை பாய் ஒருவர் வருவார், பெஞ்சில் உலகத்துக் கதையெல்லாம் அளப்பார். அவரே மார்க்கெட்டில் எதிரே வந்தால் அவர் கத்தரிக்காயைப் பார்ப்பார், இவள் வெண்டைக்காயைப் பார்ப்பாள், இரண்டு பேரும் சொத்தை பொறுக்குகிற மும்முரத்தில் ஒருவரையொருவர் தாண்டிவிடுவார்கள். அதில் கோபதாபம் கிடையாது, மரியாதைதான். பேசினால் கூட இருக்கிறவர்கள் கேட்பார்களே, "யாரு இவிய, எங்கன பழக்கம்?" என்று. அதற்கு என்ன பதில் சொல்வது? மற்றவர்கள் சொல்லாமல் கடைப்பிடித்ததை ஜெபக்கனி அக்கா ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். மகள் பெல்சியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயம். "செம்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்படாத. வெளிய எங்கனயாவது பாத்தா நீயும் பேசாண்டாம், நானும் பேசல. தாய்க்குச் சீக்குன்னு தெரிஞ்சா பிள்ளைய எவன் கெட்டுவான்?" செண்பகவல்லி வருத்தப்படவில்லை. மறைத்து வைக்கவேண்டிய அளவுக்கு ஒரு உறவு தனக்கும் இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது. இவளுக்கு அழைப்பு இல்லை, அதுவும் நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாகப் போய், கோயிலுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று, பட்டுச்சேலையில் அக்கா காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தாள். சேலை பின்பக்கம் ஏறியிருந்தது. யாராவது இழுத்துவிடமாட்டார்களா என்று தவித்தாள், யாரும் இழுத்துவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பி பெண்டாட்டி சாந்தா, "மைனி, எங்க போயிட்டு வாரீய?" என்றதற்கு "சும்மா" என்று சொல்லிப் பின்கட்டு அறைக்குள் போய்விட்டாள். பெல்சியாவும் தூத்துக்குடிக்குக் குடித்தனம் போயாயிற்று. இனிமேல் சட்டம் எதற்கு என்று அக்கா சொல்வாள், சொல்வாள் என்று ஒவ்வொரு மாதமும் இவள் காத்திருந்தாள். அக்கா மருமகன் மீன்குழம்பு சாப்பிடுகிற அழகைச் சொன்னாள், மகள் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள், அதை மட்டும் சொல்லவில்லை. இவளாகக் கேட்கவும் இல்லை. கேட்டு, "அது பாட்டுக்கு அப்பிடியே இருந்துட்டுப் போட்டும்ட்டி" என்று பதில் வந்துவிட்டால்? கேட்காத வரைக்கும் அந்தப் பதில் வராதல்லவா. அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததற்கு இதுதான் கூலி. நேற்று வந்த இசக்கிக்குச் சட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பட்டப்பகலில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஊரறிய பஸ் ஏறலாம்.

பஸ் கிளம்பியது. கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தார். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாதுதான், ஆனால் எங்கே இறங்குகிறோம் என்று வாய்திறந்து சொல்லியாகவேண்டும், அதை எந்தச் சர்க்காரும் இலவசமாக்கவில்லை. செண்பகவல்லி நாக்குக்குள்ளேயே "ஜங்ஷன், ஜங்ஷன்" என்று ஒத்திகை பார்த்தாள். முன்னால் இசக்கியின் குரல் கணீரென்று கேட்டது. "ரெண்டு ஜங்ஷன்ண்ணே." இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே சொல்கிறாள். போன மாதம் முந்தானையை வாயில் அடைத்திருந்தவள். ஒரே மாதத்தில் குரல் வந்துவிட்டதா? இவளுக்கு வருஷக்கணக்காக மாத்திரை, இன்னும் கண்டக்டர் பக்கத்தில் வந்து "எங்கம்மா?" என்றால் வெறும் காற்றுதான் வருகிறது. "எங்கன்னு சொல்லுங்கம்மா." சொன்னாள். அவர் போனபிறகும் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது, சீட்டு நனைந்து விரலில் ஒட்டிக்கொண்டது. ஒருவேளை இசக்கிக்குச் சீக்கே இல்லையோ? அக்காவைத் தட்டிக்கொண்டு போவதற்கென்றே வந்து அழுதாளோ? சே, என்ன புத்தி இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அழுகையை அப்படி நடிக்க முடியாது, அது இவளுக்குத் தெரியும், அந்த அழுகையை இவளும் அழுதிருக்கிறாள். ஆனால் இவள் அழுத காலத்தில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு யார் பஸ் ஏறினார்கள்? முன்னால் ஒரு காகிதப் பொட்டலம் பிரிகிறது. நாவல்பழம். வாசனை இங்கே வரைக்கும் வரவில்லை, ஆனால் வந்தது. ஆடி ஆவணியில் அக்கா நாவல்பழம் கொண்டுவருவாள், உப்புப் போட்டுக் குலுக்கி, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் தின்று, "நாக்கக் காட்டு" என்று ஒருத்திக்கொருத்தி நாக்கைக் காட்டிச் சிரிப்பார்கள். நாற்பது தாண்டிய இரண்டு பொம்பளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு இடத்தில் பைத்தியம் என்பார்கள், அந்த வராந்தாவில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அந்த ஒரு சௌகரியம் அங்கே உண்டு. இப்போது இசக்கி கொட்டையை ஜன்னல் வழியாகத் துப்புகிறாள். அது என்னுடைய பழம், என்று செண்பகவல்லி நினைத்தாள். பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைக்க என்ன இருக்கிறது.

சமாதானபுரத்தில் ஒரு தடித்த அம்மாள் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய தொடை இடித்தது. செண்பகவல்லி தன்னை மடித்து மடித்து ஜன்னல் கம்பிக்குள் நுழைகிற மாதிரி ஒதுங்கினாள். மற்ற நாளாக இருந்தால் இதுவே போதும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீடுவரை நடந்திருப்பாள். இன்றைக்கு அந்தப் பயத்துக்கு நேரம் இல்லை. தடித்த அம்மாளின் பின்னல் மறைக்கிறது, எட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது. இசக்கி அக்காவின் காதுக்கருகே குனிந்து ஏதோ கேட்கிறாள். அக்கா சொல்கிறாள், கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். இரண்டு பேரும் குசுகுசு. உடனே செண்பகவல்லியின் காதோரம் பழைய சூடு ஏறியது. என்னைப் பற்றித்தான். அவளுடைய சீக்கே அதுதான். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்த காலத்தில் அது தொடங்கியது. அடுக்குக்குப் பின்னால் எவராவது மெல்லப் பேசினால் தன்னைப் பற்றி, ரோட்டில் எவராவது சிரித்தால் தன்னைப் பார்த்து, டீக்கடை ரேடியோவில்கூடத் தன்னைப் பற்றி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பதால் கடைசியில் தன் காதை மூடிக்கொண்டாள், பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தாள். வேலை போயிற்று, பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை போனான், கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு அவர்களும் நின்றுவிட்டார்கள். தம்பி நல்லவன், சாந்தாவும் நல்லவள், தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் தூங்குவாள், ஆனால் அந்த வீட்டில் யாரும் அவளிடம் ஒரு கதை சொல்லி வருஷங்கள் ஆகின்றன. ஏதாவது சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று பயம். பார்த்துப் பார்த்துப் பேசிப் பேசி, பேச்சே இல்லாமல் போய்விட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சீட்டில் எழுதிக்கொண்டே சொல்வாள், "யாரும் உங்களப் பத்திப் பேசல செண்பகவல்லி. அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாடு." மாத்திரையோடு அந்த வாக்கியத்தையும் சேர்த்து விழுங்கி விழுங்கி அவளுக்குப் பழகியிருந்தது. இப்போதும் விழுங்கினாள். யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. வழக்கமாக அது உள்ளே போய் எரிச்சலை அமர்த்தும். இன்றைக்கு நேராக நெஞ்சில் குத்தியது. உண்மைதானே, எதற்குப் பேசப்போகிறார்கள்? அக்காவுக்குக் கேட்க ஒரு புது ஆள், இசக்கிக்குச் சாய ஒரு தோள், அதில் செண்பகவல்லிக்கு என்ன இடம். பெஞ்சில் பையை வைத்து இடம் பிடித்தவளை அக்கா நினைத்தாளா? நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பாளே. ஆயுசு முழுக்க ஊரெல்லாம் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று நடுங்கியவள், முருகன்குறிச்சி தாண்டும்போது, கடவுளே, இந்த இரண்டு பேரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசமாட்டார்களா என்று ஏங்கினாள்.

அப்போது அக்கா சிரித்தாள். சத்தமே வராமல் தோள் இரண்டும் குலுங்கிக் குலுங்கி, கடைசியில் மட்டும் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வருமே, அந்தச் சிரிப்பு. அதை வரவழைக்கத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று செண்பகவல்லி நம்பியிருந்தாள். மருந்து கொடுக்கிறவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடுவதை இவள் செய்துகாட்டுவாள், அக்காவுக்கு மட்டும், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு. வேறு யாருக்கும் இவள் ஒன்றும் செய்துகாட்டியது இல்லை. இவளுக்குச் சிரிக்கவைக்கத் தெரியும் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் இப்போது இன்னொருத்தியோடு சேர்ந்து குலுங்குகிறாள். இசக்கியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டுக் கம்பியில் தலையை முட்டிச் சிரித்தாள். பிறகு, எதற்கு என்று தெரியவில்லை, அக்காவின் தோளிலிருந்து நழுவிய சேலையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை, ஒரு சேலை முந்தானை, இழுத்துவிட்டாள். இனி அடுத்த மாதம் அந்த பெஞ்சில் யார் எங்கே உட்காருவது? சுவரோரம் இவள், நடுவில் அக்கா, அந்தப் பக்கம் இசக்கி. அக்கா எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காருவாள்? அந்தப் பக்கம்தான். இவளுக்குக் கிடைக்கப்போவது முதுகு. அதற்கடுத்த மாதம் அதுவும் கிடைக்காது, இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். அப்புறம் மாதம் முப்பது நாளும் பின்கட்டு அறைதான், மூடி வைத்த தட்டுதான். போகட்டும், எல்லாம் போகட்டும், ஆனால் சும்மா போகக்கூடாது. ஊருக்குத் தெரியாமல் பொத்தி வைத்தாளே ஜெபக்கனி, அது தெரியட்டும் இந்த பஸ்ஸுக்கு. இத்தனை பேர் நடுவில் அந்தக் கொண்டை கூனிக் குறுகட்டும். நினைத்துக்கொண்டிருக்கிறாளா, சொல்லிவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை, வண்ணார்பேட்டை சிக்னலில் பஸ் நின்று இன்ஜின் அடங்கியிருந்த நேரம், கண்டக்டரிடம் காற்றாக வந்த அதே குரல் பஸ்ஸின் கூரையில் போய் மோதியது. "ஏக்கா ஜெபக்கனியக்கா! மண்டைக்குப் போடுத மாத்திரை வாங்கிட்டியளா?"

பஸ் முழுக்கத் திரும்பியது. தடித்த அம்மாள் வாயைத் திறந்தபடி இவளைப் பார்த்தாள். மூன்று வரிசைக்கு முன்னால் அகன்ற முதுகு விறைத்தது, அதைப் பார்த்ததும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, செண்பகவல்லிக்கு இனித்தது. அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, என்ன செய்துவிட்டேன். இருந்த ஒரே ஆளையும் வாயாலேயே கொன்றுவிட்டேனே. இறங்கி ஓட வழியில்லை, தடித்த அம்மாள் மலைபோல உட்கார்ந்திருந்தாள். ஜெபக்கனி அக்கா சீட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழுசாகத் திரும்பினாள். நாவல்பழ உதடு விரிந்தது. "வாங்கிட்டேம்ட்டி செம்பா!" என்று அதைவிடப் பெரிய குரலில் கத்தினாள். "நீ வாங்கிட்டியா? அங்கன என்ன பண்ணுத, இங்கன வா!"

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து முருங்கைக்காய் நழுவுவதைக் கவனிக்கப் போய்விட்டார். சிக்னல் விழுந்தது, பஸ் நகர்ந்தது, ஆட்கள் அவரவர் ஜன்னலுக்குத் திரும்பினார்கள். செண்பகவல்லி தடித்த அம்மாளைத் தாண்டி, கம்பி கம்பியாகப் பிடித்து எப்படியோ முன்னால் போனாள். அக்கா அவள் கையை எட்டிப் பிடித்து இழுத்து சீட்டின் ஓரத்தில் உட்காரவைத்தாள். இருவர் சீட்டில் மூன்று பேர். "ஏறும்போதே ஒன்னப் பாத்தேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. ஒங்க வீட்டு ஆளுவ யாரும் கூட இருக்காவளாக்கும்னு கம்முனு உக்காந்துட்டேன்."

"நீங்கதானக்கா பேசாண்டாம்னிய."

"அது பிள்ளைய கெட்டிக்குடுக்குத வரைக்கும்லா. இனி எனக்கு எவன் பயம்? தம்பி வீட்டுல இருக்கவ, ஒனக்கு ஏதும் சங்கடமோன்னு நீயாப் பேசட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நீ வாயே தெறக்கல. இன்னைக்குத் தெறந்தியே, யம்மா, பஸ்ஸு குலுங்கிப் போச்சு." அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. "காலைல வர முடியலட்டி. இந்தப் பிள்ளை வீட்ட விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா. போன மாசமே வீட்டக் கேட்டு வச்சிருந்தேன், நான் போயிக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். நாங்க வாரதுக்குள்ள பெஞ்சு காலி."

விஷத்தைத்தான் கக்கினேன், அது உனக்குத் தெரியவில்லையா அக்கா, என்று செண்பகவல்லிக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. அதைத் தனியாகத்தான் வைத்திருக்கவேண்டும், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இசக்கி அக்காவைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். கிட்டத்தில் பார்த்தால் அவள் விரல் இன்னும் அக்காவின் முந்தானை நுனியை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தது, உதட்டில் வேர்வை பொடித்திருந்தது. கண்டக்டரிடம் கணீரென்று சொன்னதற்கு அவள் எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாளோ. அப்படியும் செண்பகவல்லிக்கு அந்த விரலைப் பிரித்து எடுத்துவிடவேண்டும் என்றுதான் இருந்தது. பொறாமை ஒரு பஸ் பயணத்தில் இறங்கிப் போய்விடுகிற சரக்கு இல்லை.

"இவியதானா செம்பாக்கா?" என்றாள் இசக்கி. "நீங்கதான் அன்னைக்குத் தண்ணி குடுக்கச் சொன்னீயளாம். பஸ்ஸு ஏறுனதுலருந்து அக்கா ஒங்களப் பத்தியேதான் பேசிட்டு வாராவ. நான் பயத்துல எறங்கிருவேன்னு சொன்னேன், ஒங்க கதையச் சொல்லிச் சொல்லியே என்ன உக்கார வச்சுட்டாவ. சிரிச்சு சிரிச்சு வயித்தெல்லாம் வலிக்கி."

பேசியிருக்கிறார்கள். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி ஸ்டாப்பிலிருந்து வண்ணார்பேட்டை வரைக்கும், இவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், இவளைப் பற்றியேதான் பேசியிருக்கிறார்கள். காதோரம் சூடு ஏறியது. பழைய சூடுதான், ஆனால் சுடவில்லை. ஜங்ஷன் வந்து பஸ் நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள், தடித்த அம்மாள் போனாள், முருங்கைக்காய்ப் பெரியவர் போனார், கண்டக்டர் படியில் நின்று "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அக்கா எழுந்திருக்கப் போனாள். செண்பகவல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தாள்.

"என்னப் பத்தி என்ன சொன்னிய?" என்றாள். "மொதல்லருந்து சொல்லுங்க."